தகடூர் நெல்லியும் தலைமைப் பண்பும்

தலைவன் யாவன் என்னும் வினா எக்காலத்தும் எழுவது. ஊர்ப்பொதுவுக்கும், கோயிற்பணிக்கும், சங்கத்துக்கும், நாட்டுக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வருந்தோறும் நாம் இதனை வினவுகின்றோம். தேர்ந்தெடுத்த பின்னர் மறந்துவிடுகின்றோம். ஆற்றலுடையவனே தலைவன் என்பர் சிலர். சொல்வன்மையுடையவன் என்பர் சிலர். கல்வி வேண்டும் என்பாரும், கைப்பொருள் வேண்டும் என்பாரும் உளர். இவையெல்லாம் தலைமைக்குக் கருவிகளேயன்றித் தலைமையாகா. கள்வர் கூட்டத்தின் முதல்வனுக்கும் ஆற்றலும் சொல்வன்மையும் உண்டு. அவனை நல்ல தலைவன் என்று எவரும் கூறார். ஆகவே, கருவிகளை ஒருபுறம் வைத்து, அவற்றை ஆளும் உள்ளம் எத்தன்மைத்தாயின் தலைமை நன்றாகும் என்பதை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

சைவ சித்தாந்தம் இவ்வாராய்ச்சிக்கு ஒரு வாயில் திறந்து வைத்திருக்கின்றது. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருள்களுள் முதற்கண் வைத்தெண்ணப்படும் பதி என்னும் சொல்லுக்குத் தலைவன் என்பது பொருள். உண்மையில் தலைவன் ஒருவனே. அவன் முதல்வனாகிய சிவபெருமான். ஏனைய உயிர்களெல்லாம் பசுக்கள். முடி சூடிய மன்னனும் பசு. அவன் குடைக்கீழ் ஏர் பிடிக்கும் உழவனும் பசு. தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் மேயும் ஆலம்பாடி மாடுகளை அறியாதார் அந்நாட்டில் இலர். காட்டில் விடும் மந்தையில் முன்செல்லும் மாட்டின் கழுத்தில் மணி கட்டுவது ஆயர் வழக்கம். மணியோசை கேட்டு மற்றவை பின்தொடரும். ஆயினும் மணி பூண்டதனால் அது மாடென்னும் தன்மையினின்று நீங்கி ஆயனாகிவிடுவதில்லை. மணி பிறர் கட்டியது, வேண்டும்போது அவிழ்க்கப்படுவது. மக்களுள் தலைமை பூண்டாரும் இத்தன்மையரே. தன்னை ஆயனென்று மயங்கும் மாடே மந்தையைப் பள்ளத்தில் வீழ்த்தும். இம்மயக்கத்தைத் தருவது ஆணவமலம் என்க.

பசுவாகிய ஒருவன் பதியின் செயலைத் தன்னளவிற்கேற்பப் பின்பற்றுதல் கூடும். அங்ஙனம் பின்பற்றியவனுக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமாயின், அது தகடூரிலேயே கிடைக்கின்றது. இன்று தருமபுரி என வழங்கும் ஊரே பழைய தகடூர். அதனை ஆண்ட அதியர் குடியின் பெயரை அண்மையிலுள்ள அதியமான்கோட்டை என்னும் ஊர் இன்றும் தாங்கி நிற்கின்றது. அக்குடியிற் புகழ் மிக்கவன் அதியமான் நெடுமான் அஞ்சி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய இவன் புலவர் கற்பனையிற் பிறந்தவனல்லன். திருக்கோவலூரை அடுத்த சம்பை என்னும் ஊரின் மலைக்குகையில் 1981-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சதியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளி அது என்று கூறுகின்றது. கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் தன் கல்வெட்டில் சோழர் பாண்டியரோடு ஒருங்கு வைத்துக் கூறிய சதியபுத்திரர் யாவர் என்னும் நெடுநாளைய ஐயமும் இக்கல்வெட்டால் நீங்கிற்று. ஒரு வேந்தனைப் பற்றிக் கல்லில் எஞ்சி நிற்பது அவன் பெற்ற வெற்றியன்று, துறவியர் தங்குவதற்கு அவன் கொடுத்த இடமே என்பதை நாம் உளங்கொள்ளல் வேண்டும்.

இனி, நெல்லிக்கனியின் வரலாற்றை நோக்குவாம். ஏறுதற்கரிய மலைப்பிளவில் அரிதிற் கிடைத்த நெல்லிக்கனி ஒன்று அஞ்சியின் கையை எய்திற்று. உண்டாரை நெடுங்காலம் வாழச் செய்யும் இயல்பினது அது. அதனை அவன் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்தான். இவ்வளவையும் சிறுபிள்ளைகளும் அறிவர். பலரும் கருதாது விடுவது வேறொன்று. அக்கனியின் பயனை அவன் ஔவையாருக்குச் சொல்லவில்லை. தன்னுள்ளேயே அடக்கிக்கொண்டு கொடுத்தான். இச்செய்தியை ஔவையாரே புறநானூற்றிற் குறித்து வியக்கின்றார். சொல்லியிருப்பின் அவர் உண்ண இசையார். நாடு காக்கும் நீயே உண்ணுக என்று மறுத்திருப்பார். அன்றியும், சொல்லிக் கொடுத்தவன் கொடுக்கும்போதே புகழைத் தனக்கு எடுத்துக்கொள்கின்றான். அஞ்சி கனியையும் எடுத்துக்கொண்டிலன். கொடுத்தேன் என்னும் பெருமிதத்தையும் எடுத்துக்கொண்டிலன். கொடைக்குக் கைப்பொருள் போதும். கொடையை மறைத்தற்கோ ஆணவம் மெலிந்த உள்ளம் வேண்டும்.

உண்மை அறிந்த ஔவையார் அவனை எங்ஙனம் வாழ்த்தினார் என்பதே சைவராகிய நாம் மிகவும் சிந்தித்தற்குரியது. உலகில் நெடுங்காலம் நிற்பன மலையும், கடலும், ஞாயிறும், திங்களும் எனப் பலவுள. அவற்றையெல்லாம் விட்டு, பிறை சூடிய நீலகண்டப் பெருமானைப்போல நீ நிலைபெறுவாயாக என்னும் கருத்துப்பட அவர் வாழ்த்தினார். ஈண்டு நீலகண்டத்தை நினைத்தற்குக் காரணம் யாது? பாற்கடல் கடைந்த ஞான்று அமுதும் எழுந்தது, நஞ்சும் எழுந்தது. அமுதைத் தேவர்க்கு விட்டு நஞ்சைத் தனக்குக் கொண்டான் இறைவன். தகடூரிலும் அமுதனையதொரு கனி கிடைத்தது. அதனைப் பிறர்க்கு ஈந்து, சாதல் என்னும் நஞ்சைத் தன்பால் நிறுத்திக்கொண்டான் அஞ்சி. இரண்டும் ஒரே செயலின் பேருருவும் சிற்றுருவும் ஆதலைப் புலவர் பெருமாட்டி கண்டுகொண்டார். அமுது எழுங்கால் பின்னே நிற்பதும், நஞ்சு எழுங்கால் முன்னே வருவதுமே தலைமை என்பது இதனாற் போதரும்.

ஈண்டுத் தடை ஒன்று நிகழும். அதனை மறைத்துச் செல்லுதல் ஆராய்ச்சியாகாது. “அரசன் உயிர் அவனுக்கு மட்டும் உரியதன்று. குடிகளின் நலம் அவ்வுயிரைப் பற்றி நிற்பது. நெடிது வாழ்தற்குரிய கனியைத் தான் உண்டு நாட்டை நெடிது காத்திருத்தலன்றோ அவன் கடன்? ஒரு புலவர்பால் வைத்த அன்பினால் குடிகளுக்குரியதைக் கொடுத்துவிட்டானல்லனோ? பிற்காலத்தில் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றி அழித்தபோது அந்நாடு பட்ட துன்பத்திற்கு யார் விடை கூறுவது?” என்று வினவுவார் வினவலாம். இது வலிமையுடைய தடையே.

விடை கூறுதும். தன் உயிரை வீணே போக்கும் தலைவன் குற்றமுடையவனே. அதனை நாமும் மறுக்கவில்லை. அஞ்சி தனக்கு ஊழ் வகுத்த வாழ்நாளை எறிந்துவிட்டானல்லன். காக்கும் தொழிலை விட்டு ஓடினானுமல்லன். தனக்கு வகுத்த அளவுக்கு மேலாக வந்ததையே வேண்டாவென்று ஒதுக்கினான். ஒருவன் தன் கடமையைக் கைவிடுதல் வேறு. கடமையைக் காரணமாகக் காட்டி மிகுதியைத் தனக்குச் சேர்த்துக்கொள்ளாமை வேறு. உலகில் பதவியை விட மனமில்லாதார் அனைவரும் கூறும் காரணம் யாது? தமக்காக அன்று, மக்களுக்காகவே தாம் நீடித்திருக்க வேண்டும் என்பதன்றோ? யானில்லையேல் இவர் கெடுவர் என்னும் எண்ணம் அன்பின் ஆடையை உடுத்து வரும் ஆணவமாம். அவ்வாடையைக் களைந்து பார்த்தல் அரிது. அஞ்சி அதனைக் களைந்தான் என்பதே நெல்லிக்கனியின் பொருள்.

மேலும், அவன் கனியைக் கொடுத்தது யாருக்கு என்பதையும் நோக்குக. ஔவையார் அவனைப் புகழ்ந்தே பிழைத்தவரல்லர். ஒருகால் அவன் பரிசில் கொடுக்கக் காலந்தாழ்த்தபோது, அவன் வாயில் காப்போனை முன்னிறுத்தி, நின் தலைவன் தன்னையும் அறியானோ, என்னையும் அறியானோ, கற்றார்க்கு எத்திசைச் செல்லினும் சோறு கிடைக்கும் என்று இடித்துரைத்துப் புறப்பட்டவர் அவர். தொண்டைமான்பால் தூது சென்று, நெய் பூசி அழகு செய்து வைத்த அவன் படைக்கலங்களைப் பார்த்துப் புகழ்வதுபோல் நகைத்து, போரில் ஊறி முனை முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கும் அஞ்சியின் வேல்களை நினைவூட்டியவரும் அவரே. தன் வாயிலிலும் மாற்றான் அவையிலும் அஞ்சாது மெய்யுரைக்கும் நாவுக்கே அவன் நெடுவாழ்வு அளித்தான். தன்னை இடித்துரைக்கும் வாய் தனக்குப் பின்னும் நாட்டில் வாழ வேண்டும் என்று கருதும் தலைவன் எத்துணை அரியன்! தன்னைப் புகழும் வாய்களுக்கே உணவிடுவோர் மலிந்த உலகில் இதன் அருமை விளங்கும்.

தகடூர் வீழ்ந்தமை உண்மையே. ஆயினும் அவ்வீழ்ச்சியிலும் ஒரு சான்று கிடைக்கின்றது. இரும்பொறையின் வெற்றியைப் பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்தாகப் பாடியவர் அரிசில்கிழார். வென்றவன் பக்கத்துப் புலவராகிய அவரே, தகடூர்ப் போரில் வீழ்ந்த எழினியை நினைந்து புறநானூற்றில் இரங்கிப் பாடியிருக்கின்றார். அவன் நாட்டில் கன்றோடு கூடிய ஆனிரை காட்டிலேயே அச்சமின்றி இரவு தங்கும். வழிச்செல்வோர் தாம் விரும்பிய இடத்தில் இளைப்பாறுவர். களத்துமேட்டு நெற்குவியல் காவலின்றிக் கிடக்கும் என்று அவர் எடுத்துரைத்து, அத்தகையவன் உயிரைக் கவர்ந்த கூற்றுவனை, விதைநெல்லை உண்டுவிட்ட உழவனோடு ஒப்பிட்டுக் கடிந்துகொள்கின்றார். ஒரு தலைவனை அவனைச் சார்ந்தார் புகழ்வது சான்றன்று. தோற்றபின் மாற்றான் பக்கத்தார் கண்ணீர் விடுவதே சான்று. அச்சான்றும் அரண்மனைச் சிறப்பைக் கூறாமல், மாட்டையும், வழிப்போக்கனையும், களத்து நெல்லையும் கூறுவதைக் காண்க. காவலின்றிக் கிடக்கும் நெல்லே காவலன் நன்கு காத்தான் என்பதற்கு அறிகுறியாம்.

எனினும், அஞ்சியைக் குற்றமற்றவனென்று கொள்ளுதல் நமது கருத்தன்று. கோவலூரை எறிந்து அழித்தவனும் அவனே. அவன் வேல் பலரைக் கொன்றது. கொன்றதைப் புலவர் புகழ்ந்தனர். தான் சாவைத் தாங்கத் துணிந்த தலைவன் பிறர் சாவுக்கும் காரணனாகின்றானே, அதற்கு என் செய்வது என்னும் வினா இன்னும் எஞ்சி நிற்கின்றது. தலைவன் தானே செய்யும் வினை சிறிது. அவன் ஏவலாற் பிறர் செய்யும் வினை பெரிது. அப்பெரிய வினை யாரைச் சாரும்? இவ்வினாவிற்கு விடை காண நாம் பெரியபுராணத்திற்குச் செல்ல வேண்டும். வியப்பு யாதெனின், அவ்விடையிலும் அதிகன் என்னும் பெயரே வந்து நிற்கின்றது.

உறையூரிலிருந்து ஆண்ட புகழ்ச்சோழ நாயனார், கொங்கர் முதலியோர் திறை பெறுதற்காகக் கருவூரில் தங்கியிருந்தார். ஒருநாள் சிவகாமியாண்டார் என்னும் அடியவர் திருக்கோயிலுக்குக் கொண்டு சென்ற பூவை அரசனது பட்டத்து யானை பறித்துச் சிந்திற்று. எறிபத்த நாயனார் அவ்யானையையும் பாகரையும் மழுவால் வெட்டி வீழ்த்தினார். வெகுண்டு படையோடு வந்த சோழர், அங்கே பகைவரைக் காணாது அடியவர் ஒருவரையே கண்டார். கண்டவுடன் குதிரையினின்றும் இழிந்து, நிகழ்ந்ததைக் கேட்டறிந்தார். அறிந்தபின் அவர், யானை செய்ததற்கு யான் என் செய்வேன் என்று கூறினாரில்லை. பாகர் பிழை என்று ஒதுக்கினாருமில்லை. யானையையும் பாகரையும் கொன்றது போதாது, என்னையும் கொல்லுதல் வேண்டும் என்று தம் உடைவாளை நீட்டினார். அரசன் தன்னைத்தானே மாய்த்துக்கொள்வானென அஞ்சி வாளை வாங்கிய எறிபத்தரோ, இத்தகைய அன்பருக்குத் தீங்கு நினைந்தேனே என்று தம் கழுத்தையே அரியப் புகுந்தார். இருவரும் பிழையைத் தம்பால் ஏற்க முந்தினராதலின் இறைவன் அருள் வெளிப்பட்டு, யானையும் பாகரும் உயிர்பெற்றெழுந்தனர். பிழையை ஒருவர்மேல் ஒருவர் ஏற்றும் இடத்தில் இறந்தது இறந்ததே. பிழையைத் தாம் ஏற்கும் இடத்தில் இறந்ததும் எழும் என்பது இதன் உட்பொருளாகக் கொள்ளலாம்.

பின்னொரு நாள், திறை செலுத்தாத அதிகன் என்பானது மலையரணை வெல்லுமாறு அச்சோழரே படையை ஏவினார். அதிகன் என்னும் பெயர் அதியர் குடிக்குரியது. அரண் அழிந்தது, அதிகன் காட்டிற்கு ஓடினான். வெற்றிக்கு அடையாளமாகப் பகைவர் தலைகளைக் கொணர்ந்து குவித்தனர். அக்குவியலில் சடை பொருந்திய தலை ஒன்றைச் சோழர் கண்டார். கண்டதும் அவர் உள்ளம் நடுங்கிற்று. சிவநெறியைக் காக்கும் பொறுப்புடைய யானே சிவனடியார் ஒருவரைக் கொல்வித்தேனே என்று உருகி, மைந்தனுக்கு முடி சூட்டுமாறு அமைச்சர்க்குக் கூறி, நீறு பூசி, அச்சடைத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தம் தலைமேற்கொண்டு எரியை வலம்வந்து அதனுள் புகுந்தார் என்று சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் எழுதினார்.

இதனைப் படிக்கும் இக்காலத்தார் சிலர், எரி புகுதல் அறமாகுமோ என்று தயங்குவர். நாயன்மார் செயலின் புறவடிவை நாம் பின்பற்றுதற்கு இவ்வரலாறு கூறப்படவில்லை. அச்செயலை விளைத்த உள்ளத்தை அறிதற்கே கூறப்பட்டது. அவ்வுள்ளம் யாது? வென்ற படை ஆரவாரிக்கின்றது, குவியலில் தலைகள் பல, யாரும் குற்றஞ்சாட்டவில்லை. அந்நிலையில் குவியலைக் குவியலாகக் காணாது தலை தலையாகக் கண்டார் அவர். தலைவனுக்கு மக்கள் எண்ணாகத் தோன்றுவது எளிது. இத்தனை பேர் வென்றனர், இத்தனை பேர் மாண்டனர் என்று கூட்டிக் கழித்து அமைதி பெறுவது அதனினும் எளிது. ஒற்றைத் தலையின் சடை அவர் கண்ணிற் பட்டது. படவே, கொன்றது வாளன்று, ஏவிய தம் நாவே என்று தெளிந்தார். ஏவியவனைச் சாராத ஏவல் வினை இல்லை என்பதை அவர் நூலிற் கற்றதோடு அமையாமல் தம்மேல் வைத்துக் கண்டார். அஞ்சி நன்மையைத் தன்பால் கொள்ளாது விட்டான். புகழ்ச்சோழர் தீமையைப் பிறர்பால் தள்ளாது கொண்டார். இவ்விரண்டும் கூடியவழியே தலைமை நிறைவுறும்.

இவற்றின் அடிப்படையை நமது சாத்திரம் நுட்பமாகக் கூறுகின்றது. விஞ்ஞானகலராகிய உயிர்களுள் மலம் பக்குவப்பட்ட அனந்தர் முதலிய வித்தியேசுரர் எண்மர், சிவபெருமான் ஆணையின்வண்ணம் உலகத்தொழில் நடத்தும் அதிகாரம் பெற்றவர். அத்துணை உயர்ந்தார்க்கும் அதிகார மலம் என ஒன்று எஞ்சி நிற்கும் என்பதும், அது நீங்கிய பின்னரே அவர் பரமுத்தி எய்துவர் என்பதும் ஆகமக் கொள்கை. கன்மமும் மாயையும் தம்மைத் தாக்காத நிலையில் உள்ளார்க்கே அதிகாரத்தின்மேற் செல்லும் விருப்பம் அழுக்காய் ஒட்டி நிற்குமாயின், மும்மலமும் உடைய நம்போலியர் கையில் அதிகாரம் வரின் என்னாகும் என்பதை நாம் நினைத்து அஞ்சுதல் வேண்டும். அதிகாரம் தீதென்பது கருத்தன்று. அது இறைவன் இட்ட பணியாதலும் கூடும். அதனை எனதென்று பற்றுதலே தீது. புகழ்ச்சோழர் எரிபுகுமுன் முடியைக் கழற்றி மைந்தனுக்கு உரியதாக்கினார் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. இட்ட பணியென்று எண்ணினோனுக்கு முடியைக் கழற்றுதல் எளிது. எனதென்று எண்ணினோனுக்குத் தலையைக் கழற்றுதல் போலும்.

அதிகாரம் சிறிதுமின்றித் தலைமை உண்டாதல் கூடுமோ எனின், கூடும். அதற்கும் இம்மாவட்டமே சான்று தருகின்றது. 1884-ஆம் ஆண்டு வத்தலக்குண்டில் தோன்றிய சுப்பிரமணிய சிவா, 1908-ஆம் ஆண்டு வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களோடு சிறை புகுந்தார்; சிறையிலிருந்து தொழுநோயோடு வெளிவந்தார். நோயைக் காட்டி அரசினர் அவர் இரயிலில் ஏறுதலைத் தடுத்தபோது, புண்பட்ட காலோடு ஊர் ஊராக நடந்தே மக்களிடம் பேசினார். தருமபுரிக்கு அண்மையிலுள்ள பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் நிறுவி, 1923-ஆம் ஆண்டு தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அவர்களைக் கொண்டு பாரதமாதா ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டுவித்தார். ஆலயம் எழுவதைக் காணாமலே 1925-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23-ஆம் நாள் அவ்வூரிலேயே உடல் நீத்தார். அவர் பட்டமும் பதவியும் பெற்றாரல்லர். விடுதலை என்னும் கனி விளைந்தபோது அதனை உண்ண அவர் இருந்திலர்; சிறையும் நோயும் ஆகிய நஞ்சே அவர் பங்காயிற்று. தகடூர் அஞ்சிக்கும் பாப்பாரப்பட்டிச் சிவாவுக்கும் இடையே ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள் உள்ளன. செயலின் இலக்கணம் ஒன்றே.

இனி, இவ்வாராய்ச்சியால் நாம் கொள்ளத்தக்க பயனைத் தொகுத்துக் கூறுவாம். நம்மவர் சங்கங்களிலும், திருக்கோயிற் பணிகளிலும், ஊர் மன்றங்களிலும் தலைமைக்கு ஒருவரை நாடும்போது, அவர் என்ன ஆற்றலுடையார் என்று மட்டும் வினவுதல் போதாது. நன்மை வந்த நாளில் அவர் எங்கே நின்றார்? தீமை வந்த நாளில் எங்கே நின்றார்? தம்மை இடித்துரைத்தவரை என் செய்தார்? தம் ஏவலால் ஒருவர்க்குத் தீங்கு நேர்ந்தபோது யாரைச் சுட்டினார்? முடியைக் கழற்றும் நாளில் அவர் முகம் எவ்வாறிருந்தது? இவ்வினாக்களை வினவிப் பார்ப்போமாக. ஐந்துக்கும் விடை நன்றாயின், அவர் சொல்வன்மையிற் குறைந்தவராயினும் குற்றமில்லை, சொல்வன்மையைக் கற்றுக்கொள்ளலாம்.

பிறரை மட்டும் இவ்வளவுகோலால் அளப்பது நேர்மையன்று. தலைமை என்பது அரியணையோடு முடிவதன்று. வீட்டில் தந்தையும், பள்ளியில் ஆசிரியரும், வயலில் ஆள் வைத்து வேலை வாங்குவோரும் தத்தமக்குரிய அளவில் மணி பூண்டவரே. அடுக்களையில் எஞ்சிய சோறு குறைவாயின் முதலில் யார் பசித்திருப்பது, பணியில் பிழை நேரின் முதலில் யார் தலைகுனிவது என்னும் சிறு நிகழ்ச்சிகளிலேயே நெல்லிக்கனி நாள்தோறும் நம் கைக்கு வருகின்றது. அதனை நாம் பெரும்பாலும் உண்டுவிடுகின்றோம். உண்டதையும் பிறர்க்காகவே உண்டதாகச் சொல்லிக்கொள்கின்றோம். நம் உள்ளத்து இவ்வழுக்கை நாம் அறிந்தாலன்றி நல்ல தலைவரை இனங்காண நமக்குக் கண் உண்டாகாது. நஞ்சைத் தான் அமைத்து அமுதைப் பிறர்க்கு விட்ட தனிப்பெருந் தலைவன் திருவடியை நாள்தோறும் வணங்கும் நாம், அவ்வருட்செயலின் ஒரு துளியையேனும் நம் வாழ்க்கையிற் காட்டுதற்கு அவனருளையே வேண்டி நிற்போமாக.

திருச்சிற்றம்பலம்.